ஒரு குடம் எடுத்தாலும்

தண்ணி வசதி எப்படின்னுதான தம்பி கேட்டீங்க? நல்ல கேள்வி. வீடு பார்க்க வர்றவங்க எல்லாரும் மொதல்ல வாடகையைக் கேப்பாங்க, நீங்க தண்ணியைக் கேட்டீங்க. வெவரமான ஆளுதான். உக்காருங்க. அந்தச் சேர் ஆடும், இதுல உக்காருங்க. காப்பி நானே போட்டது, சீனி கம்மியா இருந்தா சொல்லுங்க. வீட்ல ஊருக்குப் போயிருக்காங்க.

தண்ணிக்கு இந்த வீட்ல குறையே கெடையாது. போர் இருக்கு. சுவிட்சைப் போட்டுட்டு நீங்க பல்லு வெளக்கி முடிக்கிறதுக்குள்ள மேல டேங்க் நெறைஞ்சிரும். ஆனா பக்கத்து வீட்ல விசாரிச்சீங்கன்னா வேற மாதிரி சொல்லுவாய்ங்க. எட்டு வருஷம் காஞ்சு கெடந்த வீடும்பாய்ங்க. அரைகுறையா அவங்க வாயில கேக்குறதுக்கு முழுசா என் வாயிலயே கேட்டுருங்க. எனக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு. இருந்தாலும் சொல்றேன்.

நான் நகராட்சியில பில் கலெக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். வீட்டு வரி, தண்ணி வரி, கடை வாடகை எல்லாம் வசூல் பண்ணியிருக்கேன். வசூல்னா என்னன்னு எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்ல. ஒரு வீட்டுக்குப் போனா மொதல்ல வாசல்ல செருப்பைப் பார்க்கணும். அவர் வெளிய போயிருக்கார்னு உள்ள இருந்து பதில் வரும். செருப்பு நம்ம கண்ணு முன்னாடி கெடக்கும். அப்ப நாம ஒண்ணும் பேசக்கூடாது. ரெண்டு எட்டு பின்னாடி வந்து நின்னு அந்தச் செருப்பையே பார்த்துக்கிட்டு இருக்கணும். கொஞ்ச நேரத்துல ஆள் தானா வெளிய வந்துருவாரு. சத்தம் போட்டு வசூல் பண்றவனுக்கெல்லாம் தொழில் தெரியலைன்னு அர்த்தம்.

எங்க ஆபீஸ்ல இன்னொரு பழக்கமும் உண்டு. வரி ஜாஸ்தியாப் போட்டுட்டீங்கன்னு ஒருத்தர் தகராறு பண்ணுவாரு. பண்ணட்டும். "சரிங்க, இப்போதைக்கு ஏதோ ஒரு பத்து ரூபா கட்டி வைங்க, மத்ததை அப்புறம் பேசிக்கலாம்"னு நைசா சொல்லுவோம். கட்டிட்டாருன்னா முடிஞ்சுது. கட்டுனா ஒத்துக்கிட்ட மாதிரி. அப்புறம் அவர் எந்த வாசப்படி ஏறுனாலும் செல்லாது. இப்படி எத்தனையோ பேரை மடக்கியிருக்கேன். அதனாலதான் என் விஷயம்னு வந்தப்ப நான் அவ்வளவு உஷாரா இருந்தேன்.

இந்த வீட்டைக் கட்டுன புதுசுல போர் போட்டோம். நாகரத்தினம்னு ஒருத்தன், போர் வண்டிக்காரங்களுக்கு ஆள் புடிச்சுக் குடுக்கிற ஏஜெண்டு. "அண்ணே, தண்ணி வரலைன்னா மீதிப் பணம் ஒத்தப் பைசா தர வேணாம், வந்தா மட்டும் குடுங்க"ன்னான். இந்தா, இதே வாசல்ல நின்னு சொன்னான். முன்பணத்தைக் குடுத்தேன், வண்டி வந்துச்சு. காலையில ஆரம்பிச்சு சாயங்காலம் வரைக்கும் ஓட்டுனாய்ங்க. தெருவே வெள்ளை மாவா ஆயிருச்சு. எதிர்வீட்டம்மா காயப்போட்ட வத்தல் மேல சிமெண்டு பூசுன மாதிரி படிஞ்சு, அந்தம்மா இன்னிக்கு வரைக்கும் எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசுறதில்ல. பொழுது சாயுற நேரத்துக்கு மொதல்ல சேறு பீச்சுச்சு. அப்புறம் தண்ணி. வண்டிக்காரன் ஒன்றரை இஞ்சு தண்ணின்னு சொன்னான். நாகரத்தினம் மீதிப் பணத்துக்குக் கையை நீட்டுனான்.

நான் குடுக்கலை. அது ஐப்பசி மாசம் தம்பி. மழைக்காலத்துல எந்தக் குழியைத் தோண்டுனாலும் தண்ணி வரத்தான் செய்யும். "சித்திரை வெயிலுக்கும் நிக்குதான்னு பார்க்கிறேன், நின்னா தர்றேன்"னேன். நியாயம்தான? அவன் ஒத்துக்கலை. "இவ்வளவு தண்ணியைக் கண்ணுல பார்த்துக்கிட்டே இப்படிப் பேசுறீங்களேண்ணே"ன்னு சத்தமாச் சொல்லிட்டான். தெருவே கூடி நிக்குது. எனக்குக் கோவம் தலைக்கு ஏறிருச்சு. "இது தண்ணியே இல்லடா, போடா"ன்னுட்டேன்.

என் வீட்டுக்காரி பேரு சௌந்தரம். மொதத் தண்ணி புடிக்கிறதுக்குன்னு பித்தளைக் குடத்துக்கு மஞ்சள் பூசி, பொட்டு வெச்சு, கையில வெச்சுக்கிட்டு வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தா. "உள்ள எடுத்துட்டுப் போ"ன்னேன். போயிட்டா. மறுநாளே ஆளைக் கூட்டியாந்து அந்தக் குழாய் மேல இரும்பு மூடியைப் போட்டு வெல்டு வெச்சுட்டேன். மோட்டார் எறக்கி ஒரு குடம் எடுத்தேன்னு வைங்க, தண்ணி வந்துச்சுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். ஒரு குடம் எடுத்தாலும் எடுத்ததுதான்.

சித்திரையில பார்த்தீங்களான்னு கேக்குறீங்க. பார்த்தேன், பார்க்காம? மூடியில கயிறு விடுறதுக்கு ஒரு ஓட்டை உண்டு. அது வழியா ஒரு கல்லைப் போட்டேன். தொபுக்குன்னு சத்தம் வந்துச்சு. சத்தம் வந்தா தண்ணியா? சேறாக்கூட இருக்கலாம். சௌந்தரம் உள்ள இருந்து, "ஏதாச்சும் கேட்டுச்சா"ன்னா. ஒண்ணும் கேக்கலைன்னுட்டேன். அது பொய்யில்ல தம்பி. உறுதியாத் தெரியாத ஒண்ணைப் பொம்பளைங்ககிட்ட சொல்லி ஆசை காட்டக் கூடாது பாருங்க.

அப்புறம் வசூல்காரங்க வர ஆரம்பிச்சாங்க. நாகரத்தினமே நாலஞ்சு தடவை வந்து பார்த்தான். ஒண்ணும் நடக்கலைன்னதும் வண்டி ஓனரு அந்தப் பில்லைத் தூக்கி டவுன்ல ஒரு வசூல் ஆபீஸ்காரன்கிட்ட குடுத்துட்டாரு. அங்க இருந்து ரெண்டு பயலுக. பைக்கை வாசல்ல போட்டுட்டு, ஆக்சிலேட்டரை முறுக்கிக்கிட்டே என் பேரைச் சொல்லிக் கூப்புடுவாய்ங்க. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. ஒருநாள் வெளிய வந்து, "தம்பிகளா, வாசல்ல என்ன இருக்குன்னு மொதல்ல பாருங்கடா, அப்புறம் கத்துங்க"ன்னு சொல்லிக்கூடக் குடுத்தேன். ஆனா அதுக்கப்புறம் என் செருப்பைச் சௌந்தரத்தை விட்டு உள்ள எடுத்து வைக்கச் சொல்லிட்டேன். காலையில எந்திரிச்சதும் கோலம் போடுறாளோ இல்லையோ, என் செருப்பு உள்ள வந்துரணும். அவளும் மறக்காமச் செய்வா.

போன் வேற. பழைய நம்பரை நான் எடுக்க மாட்டேன்னு தெரிஞ்சு தெனம் ஒரு புது நம்பர்ல இருந்து அடிப்பாய்ங்க. புது நம்பர்னா மனுசன் எடுத்துருவான்ல, யாரோ என்னமோன்னு. அதனால போனையும் அவகிட்டயே குடுத்துட்டேன். "அவரு வெளிய போயிருக்காரு"ன்னு சொல்லுவா. நான் பக்கத்துலதான் பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பேன். ஆரம்பத்துல சொல்றப்ப அவளுக்குக் கொரல் நடுங்கும். போகப் போக நல்லாவே சொல்ல ஆரம்பிச்சுட்டா.

தண்ணிக்கு என்ன பண்ணீங்கன்னுதான பார்க்குறீங்க. தெருமுனையில பொதுக்குழாய் இருக்கு, வர்றப்ப பார்த்திருப்பீங்க. தண்ணி எப்ப விடுவாங்கன்னு சொல்ல முடியாது. விட்டதும் சௌந்தரம் ஓடுவா. அது பத்தலைன்னா லாரித் தண்ணி. எனக்கு ஹெர்னியா ஆபரேஷன் பண்ண ஒடம்பு, பாரம் தூக்கக் கூடாதுன்னு டாக்டரு கண்டிச்சுச் சொல்லிட்டாரு. அவளுக்கும் மூட்டு தேய்ஞ்சிருக்கு, குடம் தூக்காதீங்கன்னு ஒரு டாக்டரம்மா சொன்னாங்க. அவங்க எல்லாருக்கும் அதைத்தான் சொல்லுவாங்க.

இதுல ஒரு மனத்தாங்கல் என்னன்னா, எங்க மக பிருந்தா தலைப்பிரசவத்துக்கு வந்தா. ஒட்டன்சத்திரத்துல கட்டிக் குடுத்திருக்கு, மாப்பிள்ளை காய்கறி மண்டி வெச்சிருக்காரு. பேரன் பொறந்தான். நல்ல பங்குனி வெயில். பச்சைப் புள்ள இருக்கிற வீட்ல தண்ணி எவ்வளவு புழங்கும், உங்களுக்குத் தெரியாததா? அந்த வாரம் பார்த்து பொதுக்குழாய்ல வரலை, லாரிக்காரனும் இன்னிக்கு நாளைக்குன்னு இழுத்தடிச்சான். புள்ளைத் துணியெல்லாம் மூலையில குமிஞ்சு கெடக்கு. சௌந்தரம் எங்கிட்ட வந்து நின்னா. "ஒரே ஒரு தடவை அந்த மூடியைத் தொறந்து பாப்போங்க. ஒரு குடம் இருந்தாக்கூடப் போதும், புள்ளைக்கு"ன்னா.

அவ அப்படிக் கேக்குறவளே கெடையாது. எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா அன்னிக்குன்னு பார்த்து அந்த ரெண்டு பயலுகள்ல ஒருத்தன் எதிர்ல டீக்கடையில உக்காந்து நம்ம வீட்டையே பார்த்துக்கிட்டு இருக்கான். இத்தனை வருஷம் கட்டிக் காத்ததை ஒரு குடத்துக்காக விடச் சொல்றீங்களா? "உள்ள ஒண்ணும் இல்ல சௌந்தரம், தொறந்து பிரயோஜனம் இல்ல"ன்னுட்டேன். பிருந்தா கட்டில்ல படுத்தபடியே எங்களைப் பார்த்துக்கிட்டு இருந்தா. மறுநாள் மாப்பிள்ளைக்குப் போன் போட்டுக் காரை வரச் சொல்லி, பச்சைப் புள்ளையைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டா. மூணாம் மாசம் சீர் வெச்சு அனுப்புறதுதான் எங்க வழக்கம். அவ மாமியாரு ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பாங்க போல. சொன்னா சொல்லிட்டுப் போறாங்க.

கடைசியா வந்தவருதான் சேசுராஜ். வயசானவரு, டிவிஎஸ் பிஃப்டியில வருவாரு. அவர் வந்த மொத நாளே நான் கண்டுபிடிச்சுட்டேன், இவரு தொழில் தெரிஞ்ச ஆளுன்னு. கதவைத் தட்டிட்டு ரெண்டு எட்டு பின்னாடி போயி நின்னாரு. நானே செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய வந்துட்டேன். அந்த மரியாதையை நாமளும் குடுக்கணும்ல.

மாசா மாசம் வருவாரு. போர் மூடிகிட்ட போயி வெல்டு மேல வெரலை வெச்சுப் பார்ப்பாரு. "துரு அப்படியே இருக்கு சார்"ம்பாரு. "பார்த்துக்குங்க, ஒரு சொட்டு எடுத்ததில்ல"ம்பேன். அப்புறம் ஊரு ஒலகம் பேசுவோம். சௌந்தரம் தெருமுனையில இருந்து குடத்தோட வர்றதைப் பார்த்தா எந்திரிச்சு ஓடிப் போயி வாங்கிக்கிட்டு வருவாரு. சமையக்கட்டு வரைக்கும் கொண்டாந்து எறக்குவாரு. அவளும், "வேணாம்ணே, உங்களுக்கு ஏன்"னு சொல்லிக்கிட்டே குடுத்துருவா. அதுவும் ஒரு வசூல் வித்தைதான் தம்பி, எனக்குத் தெரியாதா? வீட்டுப் பொம்பளைங்க மனசுல எடம் புடிக்கிறது. நானும் கண்டுக்காம விட்டுட்டேன்.

போன ஆடியில ஒருநாள் வந்தாரு. கையில ஆப்பிளு. எனக்கு ஒண்ணும் வெளங்கலை. "சார், ஆபீஸை மூடுறாங்க. நானும் மக வீட்டோட போயிர்றேன். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்"னாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. "அப்ப நம்ம பில்லு?"ன்னு கேட்டேன்.

"அந்தப் பில்லு மூணு வருஷத்துலயே காலாவதி ஆயிருச்சு சார். அதுக்கு மேல கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாது. நாங்க சும்மாதான் வந்துக்கிட்டு இருந்தோம், ஏதாச்சும் குடுத்தா வாங்கிக்கலாம்னு"ன்னாரு.

"நான் தண்ணி எடுத்திருந்தா?"ன்னேன்.

"தண்ணி எடுத்தா என்ன சார்? நீங்க எழுதிக் குடுத்திருந்தா, இல்ல பணம் கொஞ்சம் கட்டியிருந்தாத்தான் கணக்கு மறுபடி உசுரு புடிக்கும். தண்ணி எடுக்கிறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? நீங்க பாட்டுக்கு எடுத்திருக்கலாமே."

"ஏன்யா, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நான் வசூலுக்கு வந்தவன் சார். நான் எப்படிச் சொல்றது? நீங்க யாராச்சும் வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்." அப்படிச் சொல்லிட்டு என் பின்னாடி பார்த்தாரு. சௌந்தரம் இடுப்புல குடத்தோட வாசப்படியில நிக்கிறா. எப்ப வந்தான்னு தெரியலை. குடத்தை அங்கயே எறக்கி வெச்சுட்டு உள்ள போயிட்டா. அன்னிக்கு அந்தக் குடத்தை எடுக்க யாரும் எந்திரிக்கலை, சேசுராஜ்கூட.

எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. தோள்ல இருந்து பெரிய மூட்டையை எறக்குன மாதிரி இருந்துச்சு. எத்தனை பேர் வந்தாய்ங்க, எத்தனை போன், எத்தனை மெரட்டல். ஒத்தப் பைசா குடுக்கலை. ஜெயிச்சுட்டேன்ல? மறுநாளே ஆளைக் கூட்டியாந்து மூடியை அறுத்து எடுத்து, மோட்டாரை எறக்குனேன். தெருவே வந்து நின்னுச்சு, எதிர்வீட்டம்மா உள்பட. சுவிட்சைப் போட்டதும் மொதல்ல செம்மண்ணாக் கலங்கலா வந்துச்சு. கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிருச்சு. நல்ல தண்ணி தம்பி, இளநி மாதிரி. அந்தா, இப்ப நீங்க குடிச்சீங்களே காப்பி, அதுல ஊத்துனது அந்தத் தண்ணிதான்.

அந்தப் பித்தளைக் குடத்தை நான்தான் பரண்ல இருந்து எடுத்து, புளி போட்டு வெளக்கி, பொட்டெல்லாம் வெச்சு வெச்சிருந்தேன். ஆம்பளை, எனக்கு இதெல்லாம் பழக்கமா? இருந்தாலும் செஞ்சேன். அவகிட்ட நீட்டுனேன், மொதக் குடம் நீயே புடின்னு. அவ வாங்கலை. குழாய்க்குக் கீழ கையை மட்டும் நீட்டுனா. வெரலெல்லாம் வழிஞ்சு ஓடுது, பார்த்துக்கிட்டே நிக்கிறா.

"இது இங்கயேதான் இருந்துச்சா?"ன்னு கேட்டா.

"பின்ன எங்க போகும்?"னேன்.

அவ்வளவுதான் பேச்சு. சண்டை இல்ல, சத்தம் இல்ல. மறுநாள் காலையில ஒரு பையை எடுத்துக்கிட்டு, பிருந்தாவைப் பார்த்துட்டு வர்றேன்னு பஸ் ஏறிட்டா. ஆடி போயி, தீவாளி போயி, இப்பத் தை பொறந்துருச்சு. மூட்டு வலிக்கு அங்கதான் நல்ல வைத்தியம்னு பிருந்தா சொல்லுறா. இங்க இல்லாத வைத்தியமா? மனுசனுக்கு வீட்ல தண்ணி வந்த அன்னிக்குக் கோவம் வருமா, நீங்களே சொல்லுங்க. கஷ்டப்பட்ட காலமெல்லாம் கூடவே இருந்தா. வசதி வந்தப்பக் கெளம்பிட்டா. யோசிச்சு யோசிச்சு எனக்கு மண்டை காஞ்சு போச்சு.

அவளுக்குத் தெரியட்டும்னுதான் தெனம் காலையில எல்லாக் குடத்தையும் நெறைச்சு சமையக்கட்டுல வரிசையா வைக்கிறேன். மறுநாள் கீழ ஊத்திட்டுப் புதுசாப் புடிக்கிறேன். தூக்கக் கூடாதுன்னு டாக்டரு சொன்னாரு, சொன்னா சொல்லிட்டுப் போறாரு. எந்த நாள்ல வந்து நிப்பாளோ, யாருக்குத் தெரியும்? ராத்திரியில வீடு ரொம்பத்தான் சத்தமில்லாம இருக்கு. மேல் போர்ஷனை வாடகைக்கு விடணும்னு நெனைச்சதே அதுக்குத்தான். ஒரு குடும்பம் இருந்தா நல்லா இருக்கும். எனக்குத் தனியா இருக்க முடியலை தம்பி.

போன் பண்ணா எடுக்க மாட்டேங்குறா. மணி அடிச்சு அடிச்சு நின்னுருது. போன வாரம் நேர்லயே கெளம்பிப் போயிட்டேன். கதவைத் தட்டிட்டு, பழக்கதோஷம் பாருங்க, ரெண்டு எட்டு பின்னாடி வந்து நின்னேன். பிருந்தா ஜன்னல் வழியாப் பார்த்துட்டு, "அம்மா வெளிய போயிருக்காங்கப்பா"ன்னா. பேரன் அவ பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு எட்டிப் பார்க்குறான். என்னை அவனுக்கு அடையாளம் தெரியலை.

குனிஞ்சு பார்த்தா சௌந்தரத்தோட செருப்பு. நீல வாரு வெச்சது, நான் வாங்கிக் குடுத்ததுதான். வாசல்லயே, என் காலுக்கு நேரா கெடக்கு. நான் அதையே பார்த்துக்கிட்டு நின்னேன். வெயில் ஏறுற வரைக்கும் நின்னேன். எத்தனை பேரை இப்படி வெளிய வர வெச்சிருக்கேன். அவ வரலை.

செருப்பை உள்ள எடுத்து வைக்கணும்னு அவளுக்குத் தெரியாதா? எத்தனை வருஷம் எனக்காக எடுத்து வெச்சவ. வயசாயிருச்சுல்ல, மறந்திருப்பா.

சரி, வாடகையைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க, பார்த்துச் செய்யலாம். முன்பணம்கூட வேணாம். ஒரே ஒரு உதவி. உங்க போனைக் கொஞ்சம் குடுங்க, நம்பரை நான் போட்டுத் தர்றேன். புது நம்பர்னா எடுத்துருவா. எடுத்தா எங்கிட்ட குடுக்காதீங்க, என் கொரலைக் கேட்டா வெச்சிருவா. மேல் வீட்டுக்குக் குடி வரப் போறோம்மா, உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு, அப்படின்னு நீங்களே பேசுங்க.

நான் எங்கன்னு கேட்டா, வெளிய போயிருக்கேன்னு சொல்லிருங்க.